பதினேழாம் நம்பர் ரின்

அந்த மனுசனிடம் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி முடிப்பதற்குள் ஒரு கலியாணத்தையே பேசி முடித்துவிடலாம். சாதகம் ஒன்றைத்தான் அவர் கேட்கமாட்டார். மற்றதெல்லாம் கேட்பார்.

வேலணைச் சந்தியில் மருந்துக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் அவருடைய கடை இருந்தது. கொம்பியூட்டர் திருத்துவார், போட்டோக் கொப்பி எடுப்பார், டிஸ்க் விற்பார். பெயர்ப் பலகையை உப்புக்காற்றுத் தின்றுவிட்டது. அதை மாற்ற அவருக்கு நேரம் கிடைக்கவில்லை, ஏனென்றால் வருகிறவர்களைக் குறுக்கு விசாரணை செய்யவே அவருக்கு நாள் போய்விடும். நான் புங்குடுதீவு இறுப்பிட்டியில் வீட்டிலிருந்தபடியே வீடியோ வெட்டி ஒட்டிக் கொடுக்கிறவள். கலியாண வீடு, பிள்ளை பெரிசான சாமத்திய வீடு, செத்த வீடு எல்லாம் என் மேசைக்கு வந்துதான் கனடாவுக்கும் லண்டனுக்கும் போகும். டிஸ்க் இல்லாமல் என் பிழைப்பு நடவாது. அதனால்தான் அவரிடம் மாட்டிக்கொண்டேன்.

முதல்நாள் நடந்தது இப்படி.

“ஒரு டெரா டிஸ்க் ஒண்டு தாங்கோ அண்ணை.”

“என்னத்துக்கு?”

“வீடியோ வைக்கத்தான்.”

“வைச்சு வேலை செய்யவோ, செய்து முடிச்சதை வைச்சிருக்கவோ?”

“ரெண்டுக்கும்தான்.”

“ரெண்டுக்கும் ஒண்டு சரிவராது. வீட்டிலை எங்கை வைப்பீர்?”

“மேசையிலை.”

“மேசை எங்கை கிடக்கு? யன்னலுக்குக் கிட்டவோ? யன்னல் கடல் பக்கமோ?”

எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள். அதில் ஒருவர் பிறப்புச் சான்றிதழைக் கொப்பி எடுக்க வந்தவர். அவருக்குப் பொறுமை போய்விட்டது. “தங்கச்சி, யன்னலைப் பூட்டிப்போட்டன் எண்டு சொல்லும். நான் பஸ்ஸைப் பிடிக்கவேணும்” என்றார்.

எனக்குத் தேவைப்பட்டது சின்னதாய், வேகமாய் ஓடும் எஸ்.எஸ்.டி. யாழ்ப்பாணத்தில் எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினாலே ஒரு பிரசங்கம் வரப்போகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

“அது வெட்டி ஒட்டிற வேலைக்கு நல்ல சாமான். ஆனா கறண்ட் இல்லாமல் வருசக்கணக்கிலை அலுமாரிக்குள்ளை போட்டு வைச்சீரெண்டால், உள்ளுக்கை இருக்கிறது மெல்ல மெல்ல அழிஞ்சுபோகும். சுத்துற டிஸ்க் ஆறுதலாத்தான் ஓடும். ஆனா விழுத்தாமல் வைச்சீரெண்டால் வைச்சது கிடக்கும். வேலைக்கு ஒண்டு, வைச்சிருக்க ரெண்டு. மூண்டும் எடுக்கிறதெண்டால் எடும். ஒண்டெண்டால் நான் தரமாட்டன்.”

விற்க மாட்டேன் என்று சொல்லும் கடைக்காரனை நான் அன்றைக்குத்தான் கண்டேன். கோபத்தோடு பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனேன். ஐந்து நிமிசத்தில், ஒரு கேள்வி இல்லாமல், மலிந்த விலையில் ஒரு டிஸ்க் வாங்கிக்கொண்டு வந்தேன். வாங்கி எட்டாம் மாதம் அது கடக், கடக் என்று அடிக்கத் தொடங்கியது. அதற்குள் இரண்டு கலியாணமும் ஒரு அந்தியேட்டிச் சடங்கும் இருந்தன.

வெட்கத்தை விட்டு அவரிடம் கொண்டுபோனேன். ஒன்பது நாள் வைத்திருந்து, முக்கால்வாசியை மீட்டுத் தந்தார். ‘நான் அப்பவே சொன்னனான்’ என்று ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு சொல் சொல்லி ஆறியிருப்பேன். பேசாமல் மூன்று டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தார். நானும் பேசாமல் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து எங்களுக்கிடையில் பேச்சு வளர்ந்தது. பேச்சு என்று நான் சொல்வது சண்டையை. ஒருமுறை, “எல்லாத்தையும் இன்ரநெற்றிலை ஏத்திவிட்டால் முடிஞ்சுது. ஏன் அண்ணை இந்தக் கண்டறியாத டிஸ்க் கரைச்சல்?” என்று கேட்டேன். அவர் கல்குலேட்டரை எடுத்தார். இறுப்பிட்டியில் என் போனில் சிக்னல் எத்தனை கோடு நிற்கும், ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு ஏறும், கிழமையில் எத்தனை தரம் கறண்ட் நிற்கும் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டுக் கேட்டுத் தட்டினார்.

“உம்மடை தண்ணிப் படம் முழுக்க ஏத்தி முடிக்க ரெண்டரை வருசம் வேணும். அதுக்குள்ளை நீர் இன்னும் ரெண்டரை வருசத்துக்கு எடுத்துப்போடுவீர். எதை எங்கை வெட்டினதெண்ட எழுத்து வேலையை ஏத்தும், அது பாரமில்லை. இது வண்டில் பாரம்.”

தண்ணிப் படம் என்று அவர் சொன்னது என்னுடைய சொந்தப் படத்தை. கலியாண வீடுகளுக்கு நடுவில் கிடைத்த நேரத்திலெல்லாம், எங்கள் ஊரில் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வரும்வரை வாளியோடும் கானோடும் காத்திருக்கும் பெண்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். நாலு வருசம். ஒருவரும் கேட்டுச் செய்ததல்ல, ஒருவரும் சம்பளம் தரவுமில்லை. அவர்கள் வரிசையில் நின்று கதைக்கிற கதையும் சண்டையும் சிரிப்பும் எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். எப்போதும் வரிசையில் முதலாவதாக நிற்கிற ஒரு அம்மா அந்தப் படத்தின் உயிர். அந்த அம்மா அந்த வருசத் தையில் செத்துப்போனா. இனி அவவை எடுக்க ஏலாது. மற்ற வேலையெல்லாம் போனால் மன்னிப்புக் கேட்கலாம். இந்தப் படம் போனால் நான் யாரிடம் போய் என்ன கேட்பது?

இதை அவரிடம் சொன்னதுதான் பிழையாய்ப் போயிற்று. உடனே கடைக்குப் பின்னால் போய் ஒரு நீல பிஸ்கற் ரின்னை எடுத்துக்கொண்டு வந்தார்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் வட்டமான பிஸ்கற் ரின்கள் தீவுப் பகுதியில் எந்த வீட்டிலும் நூல், ஊசி, சட்டைத் தெறி போட்டு வைக்கத்தான் இருக்கும். அவர் அதற்குள் டிஸ்க் வைத்தார். சப்பாத்துப் பெட்டிக்குள்ளும் விற்றமின் போத்தலுக்குள்ளும் வரும், ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களை ஊர் முழுக்கக் கேட்டுச் சேர்த்து, சுளகில் போட்டு வெயிலில் காயவைப்பார். அவருடைய மனைவியை நான் அக்கா என்பேன், அவவுக்கு அதில் பெரிய எரிச்சல். “ஊரிலை சனம் சுளகிலை மிளகாய் காயவைக்குது. என்ரை வீட்டிலை இது காயுது” என்பா.

தண்ணிப் படம் இருந்த என் மூன்றாவது டிஸ்க்கை வாங்கி, பழைய பருத்தித் துணியில் சுற்றி, பொட்டலம் போட்டு, மூடியைச் சுற்றி பிளாஸ்ரிக் ரேப் ஒட்டி, மேலே மார்க்கரால் ஒரு நம்பர் எழுதினார். பதினேழு.

“இது வேறை தீவிலை, வேறை ஒரு வீட்டிலை இருக்கும்.”

“ஆற்றை வீட்டிலை?”

“அது உமக்குத் தேவையில்லை. தெரிஞ்சால் கிழமைக்கு ரெண்டுதரம் போன் எடுத்து அந்தச் சனத்தின்ரை சீவனை வாங்குவீர். அவைக்கும் இது ஆற்றையெண்டு தெரியாது. தெரிஞ்சால் போட்டுப் பாப்பினம். இந்தாரும், இது ஒன்பது. இதை நீர் வைச்சிரும்.”

“இது ஆற்றை?”

“அதுவும் உமக்குத் தேவையில்லை.”

அப்படித்தான் அந்த மனுசன் தீவுப் பகுதி முழுக்க ஆளுக்கு ஆள் ரின் மாற்றி வைத்திருந்தார். ஒருவர் பொருளை இன்னொருவர் காவல் காக்கிறது. காசு கிடையாது. ஒரேயொரு சட்டம்தான்: அவர் நேரில் வந்து கேட்டாலொழிய ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது, என்ன நம்பர் என்றும் சொல்லக் கூடாது. இருபது முப்பது வீடு இருக்கும். படகோட்டி வீடு, ஐயர் வீடு, தோட்டக்காரர் வீடு என்று எல்லாம் அதற்குள் அடக்கம். படித்த மனுசர்கூட இதற்குத் தலையாட்டியதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்காத விசயம். நானும் தலையாட்டினவள்தானே.

வருசத்துக்கு இரண்டுதரம், சித்திரை வருசம் முடிந்தும் ஆயுதபூசை முடிந்தும், மோட்டார் சைக்கிளில் லப்டொப்போடு வீடு வீடாய்ப் போய் அந்த டிஸ்க்குகளை ஓட்டிப் பார்ப்பார். சும்மா வைத்தால் இறுகிவிடுமாம். என் வீட்டுக்கு வந்து ஒன்பதைக் கேட்டார். நான் அதைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்து, அதற்கு மேல் ஒரு பூச்சாடியும் வைத்திருந்தேன். மேசையில் என் சாமான்களே நிறைந்து கிடக்கும்போது அதைப் போட வேறு இடம் ஏது?

“பிரிச்சுக்கு மேலையோ! சூடு, அதிர்வு, அதுக்கு மேலை தண்ணிச் சாடி வேறை! பிள்ளை, உம்மடை பதினேழை ஒருத்தர் இப்பிடி வைச்சிருந்தால் நீர் என்ன செய்வீர்?”

“ஆரெண்டு தெரிஞ்சால்தானே போய்ச் சண்டை பிடிக்கலாம்” என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பதை அலுமாரிக்குள், என் கூறைச் சீலைக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் போனார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். டிஸ்க் மேசையில் இருக்கும்வரை தொடமாட்டேன் என்று ஆறவிட்டுக் குடித்தார்.

இன்னொருதரம் சாட்டிக் கடற்கரையில் ஒரு மாப்பிள்ளை பொம்பிளையைப் படம் எடுத்துவிட்டு, அவர்களுடைய கலியாணக் காட்டையும் கொண்டு நேராய் அவர் கடைக்குப் போனேன். காட் என்றால் கமராவுக்குள் போடுகிற மெமரி காட். மாப்பிள்ளை மறுநாள் பறக்கிறார், அவருக்குக் கையில் ஒரு பிரதி வேண்டும். பிரதி எடுத்து முடிந்தது. காட்டை அழித்துத் தாருங்கோ, அடுத்த வேலைக்குப் போகவேணும் என்றேன். அழிக்கமாட்டாராம். ஒவ்வொரு துண்டையும் திறந்து, தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் பார்க்கவேணுமாம். மூன்றரை மணித்தியாலம் என்னை அந்தக் கதிரையில் இருத்தி வைத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு துண்டில் நடுவில் படம் உறைந்து நின்றது. தாலி கட்டுகிற இடம். காட்டில் அது சரியாய் இருந்தது, பிரதியில் பழுது. திரும்ப எடுத்தார். அந்த நேரம் நான் அவர் காலில் விழுந்திருக்கவேணும். “கெதியா முடியுங்கோ, எனக்குப் பசிக்குது” என்றுதான் சொன்னேன்.

இந்த மனுசனுக்கு ஏன் இப்படி ஒரு விசர் என்று அக்காவிடம் கேட்டேன். அவ முருங்கைக் கீரை உருவிக்கொண்டே சொன்னா.

“இடம்பெயரேக்கை இவற்றை தேப்பன் காணி உறுதி, பிறப்புப் பத்திரம், படங்கள் எல்லாத்தையும் ஒரு சூட்கேசுக்குள்ளை போட்டு, பத்திரமான வீடெண்டு ஒரு சொந்தக்காரர் வீட்டிலை வைச்சிட்டு வந்தவர். திரும்பி வந்து பாத்தால் வீடே இல்லை. இவரிட்டைத் தாயின்ரை ஒரு படம் கிடையாது. அது கவலைதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. அதுக்காண்டி ஊரைப் போட்டு இப்பிடி வதைக்கிறதோ?”

கீரையை வாங்கி நானும் கொஞ்சம் உருவினேன்.

பிறகு ஒரு ஐப்பசியில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவர் வாயில் மிஞ்சியிருந்தது ஒரு சொல்தான்: ஓம்.

அவர் வீட்டுக்கு வந்து இரண்டாம் கிழமை எங்கள் ஊரில் இடி முழக்கத்தோடு மழை. இடிச்சால் எல்லாத்தையும் கழற்றிவிடும் என்று அவர் நூறுதரம் சொன்னவர். நான் கழற்றவில்லை. வெளிநாட்டில் ஒரு படவிழாவில் என் தண்ணிப் படத்தைத் தெரிந்தெடுத்து, முடித்த பிரதியை மாத முடிவுக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அதற்காக வேலை ஓடிக்கொண்டிருந்தது, நடுவில் நிறுத்த மனமில்லை. வளவுப் பனையில் மின்னல் அடித்தது. மேசையில் இருந்ததெல்லாம் போயிற்று. வேலை செய்த டிஸ்க்கும் போயிற்று, வைத்திருந்த டிஸ்க்கும் போயிற்று. அதையும் பக்கத்திலேயே செருகியிருந்தேன், மூளை கெட்டவள். தப்பியது குசினிக்குள் கிடந்த பழைய சின்ன லப்டொப் ஒன்றுதான். கருகின இரண்டையும் கொண்டு யாழ்ப்பாணம் போனேன். திருத்துகிற பெடியன் மூக்கில் வைத்து மணந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

வெட்டி ஒட்டின கணக்கை அவர் சொன்னபடி இன்ரநெற்றில் ஏற்றி வைத்திருந்தேன், ஆனால் இனி உலகத்தில் என் படம் இருப்பது பதினேழில் மட்டும்தான். பதினேழு எங்கே இருக்கிறது என்பது அந்த மனுசனின் தலைக்குள் மட்டும்தான்.

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

“அண்ணை, பதினேழு எங்கை? நயினாதீவிலையோ?”

“ஓம்.”

“நெடுந்தீவிலையோ?”

“ஓம்.”

“அனலைதீவோ?”

“ஓம்.”

“என்ரை வீட்டுப் பிரிச்சுக்கு மேலையோ?”

“ஓம்” என்றார், கண்ணில் தண்ணீர் வழிய. அவருக்கே தெரிந்தது, வாய் தன் சொல் கேட்கவில்லை என்று. எனக்கு அவரைக் கட்டிப்பிடித்து அழவும் வேண்டியிருந்தது, பிடித்து உலுப்பவும் வேண்டியிருந்தது.

“ஒரு கொப்பியிலையும் எழுதி வைக்கேல்லையோ அக்கா?”

“எழுதினால் ஆரும் பாத்திடுவினமாம்.”

எல்லாவற்றிலும் இரண்டு இருக்கவேணும் என்று ஊரையே ஆட்டிப் படைத்த மனுசன், எந்த ரின் யாரிடம் என்ற விபரத்தை மட்டும் ஒரே இடத்தில் வைத்திருந்திருக்கிறார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

அக்கா அவருடைய போனைத் தந்தா. அதிலிருந்த நம்பர்களுக்கு ஒவ்வொன்றாய் எடுத்தேன். நயினாதீவில் ஒரு கடைக்காரர், “எங்களிட்டை ரின் ஒண்டுமில்லை. இருந்தாலும் நம்பர் சொல்லமாட்டம்” என்று வைத்துவிட்டார். நெடுந்தீவில் ஒரு ரீச்சர், “அவர் வந்து கேக்கட்டும்” என்றா. வருத்தமாய்க் கிடக்கிறார் என்றேன். “அப்ப சுகமாகட்டும்” என்றா. பாழ்படுவாரே என்று மனதுக்குள் திட்டினேன். அதே கிழமை என் போன் அடித்தது. தெரியாத ஒரு குரல், “உங்களிட்டை ஒன்பது இருக்கோ?” என்றது. “அதெல்லாம் சொல்லேலாது, அண்ணை வந்து கேட்டால்தான்” என்று என் வாய் தன்பாட்டில் சொல்லிற்று.

பதினோராவது அழைப்பு அனலைதீவுக்கு. ஒரு வயதுபோன பெண்குரல்.

“அம்மா, உங்களிட்டை இருக்கிறது பதினேழோ?”

மறுபக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“பதினேழெண்டு உமக்கு ஆர் சொன்னது?”

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். அழுதேன், கெஞ்சினேன், நாலு வருசக் கதையையும் சொன்னேன். அந்த அம்மாவுக்கு இரக்கம்தான். ஆனாலும், “வாக்குக் குடுத்தனான் பிள்ளை. அவர் வந்து கேட்டால் அந்த நிமிசமே தருவன்” என்றா.

மாத முடிவுக்கு ஆறு நாள் இருந்தது. அக்காவிடம் போய்ச் சொன்னேன், அண்ணையைக் கொண்டுபோகவேணும் என்று. அவ என்னை ஏசி அனுப்புவா என்று நினைத்தேன்.

“கொண்டுபோவம். வீட்டிலை கிடந்து என்னை முழிசிப் பாக்கிறதை விட்டுக் கடல்காத்துப் படட்டும்” என்றா.

அடுத்தநாள் காலமை ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில், ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் அவரை இருத்தி, கதிரையோடு தூக்கிப் படகில் வைத்தார்கள். சரியாமல் இருக்கக் கதிரையைப் படகின் தூணோடு கயிற்றால் கட்டினார்கள். வாடைக்காற்றுத் தொடங்கியிருந்தது. நான் ரின் வைக்கத் தோள்பை ஒன்றும், அதற்குள் ஓட்டிப் பார்க்க அந்தச் சின்ன லப்டொப்பும் கொண்டுபோனேன்.

பதினேழை வைத்திருந்த அனலைதீவு அம்மா வெங்காயத் தோட்டக்காரி. எங்களைக் கண்டதும் வாசலுக்கு ஓடிவந்தா. அவரைப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, இப்பிடிப் போனியள்” என்று அவர் தலையைத் தடவினா. பிறகு கை கழுவிப்போட்டு வந்து அலுமாரியைத் திறந்து, சீலைகளுக்கு அடியிலிருந்து நீல ரின்னை எடுத்தா. மூடியில் அவருடைய கையெழுத்தில் பதினேழு. மூடி ஓரத்தில் கறள் பிடித்து, ரேப் காய்ந்து பாதி கழன்றிருந்தது.

அந்த அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நின்றா.

“குடுக்கவோ தம்பி?”

நான் கையை நீட்டிவிட்டேன். அவருக்குத் தெரிந்த ஒரே சொல் எனக்குத் தேவையான சொல்தான். ஒரு மாதமாய் எல்லாவற்றுக்கும் அதைத்தானே சொல்கிறார்.

அவர் வாயைக் கோணி, கழுத்து நரம்பு புடைக்க, எங்கேயோ ஆழத்திலிருந்து இழுத்துச் சொன்னார்.

“இல்லை.”

அக்கா வாயில் கை வைத்தா. அவவுக்கு அவர் புதிதாய் ஒரு சொல் சொன்ன சந்தோசம். எனக்கு உயிர் போயிற்று.

“என்ன அண்ணை இல்லை? என்ன இல்லை? மின்னல் அடிச்சு என்ரை ரெண்டும் போச்சுதெண்டு உங்களுக்கு எத்தினைதரம் சொன்னனான். இனி இது ஒண்டுதான் கிடக்கு!”

அவர் இடது கையைத் தூக்கினார். இரண்டு விரலை நீட்டினார். பிறகு அந்த விரல்களாலேயே யன்னலுக்கு வெளியே கடலைக் காட்டி, தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

“ஒண்டை மட்டும் கடலாலை கொண்டுபோகக் கூடாதாம். இஞ்சையே ரெண்டாக்கிப்போட்டுப் பேந்து கொண்டுபோகட்டாம்” என்று அந்த அம்மா அமைதியாய்ச் சொன்னா. அவவுக்கு என்னைவிடக் கெதியாய் விளங்கிவிட்டது.

என் சின்ன லப்டொப்பில் இருநூறு ஜிபி இடம்கூட இல்லை. படம் எழுநூறு. புது டிஸ்க் ஒன்று கொண்டுவர எனக்குப் புத்தி வரவில்லை. ஆறுநாளில் ஒருநாள் போகப்போகிறது. காற்று எழும்பினால் நாளைக்குப் படகு ஓடுமோ தெரியாது. நான் கத்தினேன். இப்போது நினைக்க வெட்கமாய் இருக்கிறது, ஆனால் கத்தினேன்.

“உங்கடை சட்டத்தாலை நான் செத்தன் அண்ணை! உங்களாலைதான் இவ்வளவும்! ஒரு துண்டிலை எழுதி வைச்சிருந்தால் நான் இப்பிடி நாயா அலைவனோ? இன்னும் என்ன ரெண்டு? உங்களுக்கு நான் என்ன பாவம் செய்தனான்?”

“ஓம்” என்றார்.

அந்த அம்மா ரின்னைத் திரும்பவும் சீலைகளுக்கு அடியில் வைத்து அலுமாரியைப் பூட்டி, திறப்பைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டா. “நாளைக்கு ஒரு டிஸ்க்கோடை வாரும் பிள்ளை. சோறு கறி நான் சமைச்சு வைக்கிறன்” என்றா. நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னுக்கு நடந்தேன். கதிரையைத் தூக்கவும் நான் கை கொடுக்கவில்லை.

திரும்பிவரும்போது படகு ஆடத் தொடங்கியது. நான் அவருக்கு முதுகைக் காட்டி இருந்தேன். பையைக் காலடிப் பலகையில் எறிந்த மாதிரிப் போட்டிருந்தேன். அக்கா தேவாரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தா. பாதிக் கடலில் பக்கவாட்டில் ஒரு அலை எழும்பி, படகுக்கு மேலால் வந்து எங்கள் எல்லோர் தலையிலும் கொட்டியது. சனம் “ஐயோ முருகா” என்று குளறிற்று. படகு நிமிர்ந்தபோது பலகையில் முழங்கால் அளவுக்கு வெள்ளம் சலசலத்தது, என் பை அதற்குள் மிதந்துபோய் மூலையில் இடித்துக்கொண்டு நின்றது.

பாய்ந்து எடுத்தேன். தலைகீழாய்ப் பிடித்தேன். லப்டொப்பின் எழுத்துக் கட்டைகளுக்கு நடுவிலிருந்து உப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தது. அழுத்திப் பார்த்தேன். செத்துவிட்டது. அந்தப் பைக்குள், அதே இடத்தில்தான், கறள் பிடித்த மூடியோடு என் நாலு வருசமும் இருந்திருக்கும். வரிசையில் முதலாவதாக நிற்கிற அம்மாவும் வாளிகளும் இருந்திருக்கும்.

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். தலை முதல் கால் வரை நனைந்து, தூணோடு கட்டிய கதிரையில் இருந்தபடி, அந்த மனுசன் பாதி முகத்தால் சிரித்துக்கொண்டிருந்தார்.

“சிரியுங்கோ! வடிவாச் சிரியுங்கோ!” என்று கத்தினேன். கத்தக் கத்த எனக்கு அழுகை வந்தது, அழுகையோடு சிரிப்பும் வந்தது. ஆடி ஆடிப் போய் அவர் காலடியில் இருந்து, என் சீலைத் தலைப்பைப் பிழிந்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

“நாளைக்கு விடிய வாறன் அண்ணை. ஒண்டு இல்லை, ரெண்டு டிஸ்க் வேண்டிக்கொண்டு வாறன். போதுமோ?”

அவர் யோசித்தார்.